தராசை நிறுப்பது எப்படி?

கடைத்தெருவில் எல்லோரும் பொருளைத்தான் பார்க்கிறார்கள். தராசைப் பார்ப்பவர்கள் குறைவு. அரிசி என்ன விலை என்று கேட்பவரைக் கடைக்காரர் மதிக்கிறார். அந்தத் தராசு சரியானதா என்று கேட்பவரைச் சற்று முகம் சுளித்தே பார்க்கிறார். அதற்கும் மேலே போய், தராசைச் சோதிக்கும் படிக்கல்லைச் சோதித்தவர் யார், அவர் சோதித்தது சரி என்பதற்கு என்ன உறுதி என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். கேட்டவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கிவிட்டு வியாபாரம் தொடரும்.

இந்தியத் தத்துவ வரலாற்றில் இப்படிக் கேட்ட ஒருவர் உண்டு. பெயர் ஜயராசி பட்டர். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வாழ்ந்தவர் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அவர் எழுதிய வடமொழி நூலின் பெயர் 'தத்துவோபப்லவ சிம்ஹம்'. தத்துவங்கள் அனைத்தையும் குலைக்கும் சிங்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெயரில் மிகை ஏதும் இல்லை. நியாயம், மீமாம்சை, சாங்கியம், பௌத்தம், சமணம் என்று தன் காலத்தின் தத்துவப் பள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எதை அடித்தளம் என்று சொல்கின்றனவோ அதையே இந்நூல் தகர்க்கிறது.

அந்த அடித்தளத்துக்கு வடமொழியில் பிரமாணம் என்று பெயர். தமிழில் நம் முன்னோர் அதை 'அளவை' என்றார்கள். எனக்குத் தமிழ்ச் சொல்லே பொருளை இன்னும் நேராகக் காட்டுவதாகத் தோன்றுகிறது. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல், உலகை அறிவால் அளக்கிறோம். காட்சி ஓர் அளவை. அனுமானம் ஓர் அளவை. நம்பத்தக்கவர் சொல் ஓர் அளவை. ஆன்மா உண்டா, மறுபிறவி உண்டா, வேள்வியின் பயன் உண்மையா, வீடுபேறு எது என்ற வழக்குகள் எல்லாம் கடைசியில் இந்த அளவைகளில் வந்துதான் நின்றன. எத்தனை அளவைகள், அவற்றுக்கு இலக்கணம் என்ன என்பதில் பள்ளிகள் பல நூற்றாண்டுகள் சண்டையிட்டன. அளவைகள் உண்டு என்பதில் மட்டும் அநேகமாக எல்லோரும் ஒன்றாயிருந்தார்கள். ஜயராசி கைவைத்தது அந்த ஒற்றுமையில்தான்.

*

அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த பௌத்த ஆசான் நாகார்ஜுனர், 'விக்ரக வியாவர்த்தனி' என்ற சிறு நூலில் இந்தக் கேள்வியை எழுப்பினார். பொருள்களை அளவைகள் நிறுவுகின்றன என்றால், அளவைகளை நிறுவுவது எது? வேறோர் அளவை என்றால், அதற்கு இன்னொன்று வேண்டும். அதற்கு முடிவே இல்லை. அளவை தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் என்றால், பொருள்களும் அப்படியே நிறுவிக்கொள்ளட்டுமே, அளவை எதற்கு?

நியாய சூத்திரங்களிலும் இதே ஆட்சேபம் எதிர்தரப்பின் வாயில் வருகிறது. நியாயப் பள்ளி தந்த விடைகளில் ஒன்று தராசு. தராசால் பொன்னை நிறுக்கிறோம். அப்போது தராசு அளவை, பொன் அளக்கப்படும் பொருள். அந்தத் தராசின் மேல் ஐயம் வந்தால், எடை தெரிந்த பொன்னை இட்டு அதையே சோதிக்கிறோம். இப்போது தராசு அளக்கப்படும் பொருள் ஆகிவிடுகிறது. ஒன்றே ஒரு நேரம் அளவையாகவும் இன்னொரு நேரம் பொருளாகவும் இருக்கலாம், அதில் முரண் இல்லை என்றார்கள் நியாயவாதிகள். பட்டறையில் உட்கார்ந்து பொன் நிறுத்தவர்களின் நடைமுறை ஞானம் இந்த விடையில் இருக்கிறது. எல்லாத் தராசுகளையும் ஒரே நேரத்தில் சந்தேகித்து எவரும் வியாபாரம் செய்வதில்லை.

ஜயராசி இந்த வாசலின் வழியாகவே உள்ளே நுழைகிறார். எடை தெரிந்த பொன் என்கிறீர்களே, அந்த எடை எப்படித் தெரிந்தது என்பதே அவர் நூல் முழுவதும் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

*

அவர் முதலில் எடுப்பது நியாயப் பள்ளி காட்சிக்குச் சொன்ன இலக்கணத்தை. புலனும் பொருளும் தொடர்புகொள்வதால் பிறப்பது, சொல் கலவாதது, பிறழாதது, ஐயமற்று உறுதியாக இருப்பது என்று காட்சிக்கு அவர்கள் வரம்பு கட்டியிருந்தார்கள். ஜயராசி 'பிறழாதது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். என் முன்னே தண்ணீர் தெரிகிறது. இந்தக் காட்சி பிறழாதது என்பதை எப்படி அறிவது? விடைகள் மூன்று இருக்கலாம். மூன்றையும் அவரே எடுத்துவைக்கிறார்.

காட்சியை உண்டாக்கிய கருவிகள் குற்றமற்றவை என்பதால் அறியலாம் என்பது முதல் விடை. ஆனால் கண்ணின் நலத்தைக் கண் காணாது. பார்வை சரியாக இருப்பதைக்கொண்டு கண் நலமாக இருக்கிறது என்று ஊகித்தால், கண் நலமாக இருப்பதைக்கொண்டு பார்வை சரி என்று சொன்னதோடு அது வட்டமிடுகிறது.

பின்னால் எந்த அறிவும் வந்து அதைப் பொய்யாக்கவில்லை என்பதால் அறியலாம் என்பது இரண்டாம் விடை. இங்கே அவர் காட்டும் உதாரணம் மறக்க முடியாதது. ஒருவன் தூரத்தில் கானலைக் கண்டு தண்ணீர் என்று எண்ணுகிறான். அருகே போய்ப் பார்க்காமல் வேறு வழியில் போய்விடுகிறான். அவனுடைய தவறு அவனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. அப்படியே இறந்தும் போகிறான். பொய்யாக்கப்படவில்லை என்பதால் அந்தக் கானல் தண்ணீராகிவிடுமா? எவருக்கும் எக்காலத்திலும் பொய்யாகாது என்பதே அளவுகோல் என்றால், அதை அறிய எல்லாம் அறிந்தவனாக இருக்கவேண்டும்.

செயல் பயன்தருவதால் அறியலாம் என்பது மூன்றாம் விடை. தண்ணீர் என்று நம்பிப் போனேன், குடித்தேன், தாகம் தீர்ந்தது. ஆகவே அது தண்ணீர்தான். நியாயப் பள்ளி மிகவும் நம்பியிருந்த கோட்டை இதுதான். ஜயராசியின் எதிர்வாதம் வேடிக்கையும் கூர்மையும் கலந்தது. நீங்கள் கண்ட தண்ணீரும் குடித்த தண்ணீரும் ஒன்றுதானா? நீங்கள் நடந்து வருவதற்குள் மீன்கள் துள்ளியிருக்கும். எருமைகள் இறங்கிக் கலக்கியிருக்கும். பகுதிகள் இடம் மாறினால் முழுமையும் புதியதாகிவிடும் என்பது உங்கள் பள்ளியின் கொள்கையே அல்லவா? அப்படியானால் கண்டது ஒரு தண்ணீர், கிடைத்தது வேறொரு தண்ணீர். கிடைத்ததைக்கொண்டு கண்டதைச் சரி என்று எப்படிச் சொல்வீர்கள்?

படிக்கும்போது சிரிப்பு வரும். வந்த சிரிப்பு சற்று நேரத்தில் அடங்கும். எருமை இறங்கிய குளத்தைக் காட்டி அவர் சொல்வது எளிதில் ஒதுக்கக்கூடியது அன்று. ஓர் அறிவு உண்மை என்பதற்கு அதன் பயனைச் சான்றாகக் காட்டும்போது, பயனைப் பற்றிய அறிவு உண்மை என்பதை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

காட்சி விழுந்தபின் மற்றவை நிற்பதில்லை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்க, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்று தெரிந்திருக்கவேண்டும். எல்லாப் புகையையும் கண்டவர் யார்? டேவிட் ஹியூம் 1739இல் வெளியான தன் நூலில் ஐரோப்பாவை உலுக்கிய கேள்விக்கு இது நெருங்கிய உறவு. பிறகு உவமை, உரை என்று மற்ற அளவைகளும் சரிகின்றன. பௌத்தரின் காட்சி இலக்கணமும் மீமாம்சகரின் இலக்கணமும் இதே கதிக்கு ஆளாகின்றன. வேதத்தை ஏற்பவர், மறுப்பவர் என்ற வேறுபாடு ஜயராசிக்கு இல்லை.

*

இதற்கு உடனடியாக எழும் மறுப்பு ஒன்று உண்டு. எந்த அளவையும் செல்லாது என்றால், செல்லாது என்பதை எந்த அளவையால் அறிந்தீர்? நாகார்ஜுனரிடமும் இது கேட்கப்பட்டது. தனக்கென்று நிறுவவேண்டிய கோட்பாடு எதுவும் இல்லை என்பது அவர் விடை. ஜயராசியின் முறையும் அதற்கு அருகில்தான் வருகிறது. அவர் தன் தராசைக் கொண்டுவருவதில்லை. எதிரியின் தராசிலேயே எதிரியின் சரக்கை நிறுத்து, குறைகிறது என்று காட்டிவிட்டு நகர்கிறார். மீனும் எருமையும் வரும் வாதத்தில்கூட அவர் பயன்படுத்துவது நியாயப் பள்ளியின் கொள்கையைத்தான்.

இப்படித் தன் தரப்பை நிறுவாமல் மறுதரப்பை மட்டும் மறுப்பதற்கு நியாய நூல்கள் தந்த பெயர் விதண்டை. நாம் இன்று வீட்டில் குதர்க்கம் பேசும் பிள்ளையைப் பார்த்து விதண்டாவாதம் செய்யாதே என்று சொல்கிறோமே, அதே சொல். வசையாகத் தேய்ந்துபோன அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கடினமான ஒரு பயிற்சி இருந்தது என்பதை ஜயராசியைப் படிக்கும்போதுதான் உணர முடிகிறது.

எல்லாவற்றையும் குலைத்தபின் அவர் எங்கே போய்ச் சேர்கிறார்? துறவுக்கும் போகவில்லை, செயலற்ற மௌனத்துக்கும் போகவில்லை. தத்துவங்கள் எல்லாம் குலைந்தபின், ஆராயாத வரையில் இனிமையாக இருக்கும் அன்றாட வழக்கங்கள் தடையின்றி நடக்கலாம் என்ற கருத்தோடு நூலை முடிக்கிறார். தண்ணீர் குடியுங்கள், உழுங்கள், பேசுங்கள்; அதற்கெல்லாம் தத்துவத்தின் முத்திரை தேவையில்லை. தேவகுருவான பிருகஸ்பதிக்கே தோன்றாத வாதங்கள் தன் நூலில் உண்டு என்று பெருமையும் பட்டுக்கொள்கிறார். பிருகஸ்பதி உலகாயதரின் ஆசானாகக் கருதப்படுபவர் என்பதால் ஜயராசியையும் உலகாயதர் என்றே நூலைப் பதிப்பித்தவர்கள் கொண்டார்கள். காட்சி ஒன்றையாவது ஏற்பவர்கள் அல்லவா உலகாயதர், அதையும் மறுப்பவரை எப்படி அவர்களோடு சேர்ப்பது என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கேட்டார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தெக்கார்த் 1641இல் எல்லாவற்றையும் சந்தேகித்தபோது, அசைக்க முடியாத ஒரு புள்ளியில் காலூன்றுவதே அவர் நோக்கமாக இருந்தது. ஜயராசிக்கு அப்படி ஓர் ஆசை இல்லை. புள்ளி இல்லாமலே நின்றுகொண்டிருக்கிறோமே, அது போதாதா என்பதுபோல் இருக்கிறது அவருடைய முடிவு.

*

தமிழ் வாசகனுக்கு இந்த உலகம் முற்றிலும் அந்நியமானது அன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் மணிமேகலை மாதவன் உருவத்தில் வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. வேதவியாசர் பத்து அளவைகளையும், கிருதகோடி எட்டையும், சைமினி ஆறையும் கொண்டார்கள் என்று பட்டியலிடுகிறான். அதோடு நில்லாமல், அளவைபோல் தோன்றி ஏமாற்றும் போலிகள் எட்டையும் சொல்கிறான். முத்துச்சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். அங்கே நிற்பது கட்டையா, மனிதனா என்று மயங்குவது ஐயம். அறிவு எங்கெங்கே தடுக்கி விழும் என்பதை இத்தனை துல்லியமாக ஒரு காப்பியம் தொகுத்து வைத்திருக்கிறது.

அந்தக் காதையில் கடைசியாகப் பேசுபவன் பூதவாதி. காட்சி ஒன்றே அளவை, அனுமானம் செல்லாது, இம்மை தவிர வேறு இல்லை என்பவன். தன் முற்பிறப்பை அறிந்தவளான மணிமேகலை நகைக்கிறாள். தெய்வ மயக்கத்திலும் கனவிலும் தோன்றுவதையெல்லாம் எப்படி நம்புவது என்ற பொருள்பட அவன் மடக்குகிறான். உலகெங்கும் ஐயவாதிகள் கையிலெடுத்த கனவு வாதத்தின் சாயல் இது. அவளுடைய பதில் ஒரே ஒரு கேள்வி. அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தை இன்னார் என்று நீ எப்படி அறிந்தாய்?

இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகள் வெறும் வாய்ச்சாதுரியமாகவே படித்துவந்தேன். ஜயராசியைப் படித்தபிறகுதான் அதன் ஆழம் புரிந்தது. நாம் யார் என்ற முதல் தகவலே நாம் காணாத ஒன்று. பிறர் சொல்லக் கேட்டதும் கேட்டதிலிருந்து ஊகித்ததுமே அதற்கு ஆதாரம். மணிமேகலை அதை அனுமானம் என்று ஏன் சொல்கிறாள் என்பதற்கு 29ஆம் காதையில் விடை இருக்கிறது. அவள் ஏற்கும் பௌத்தத்தில் காட்சி, கருத்து என்ற இரண்டே அளவைகள். பிறர் உரையும் கருத்துக்குள் அடங்கிவிடும்.

வடக்கேயும் இந்த விவாதம் தொடர்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர் 'கண்டனகண்டகாத்யம்' என்ற நூலில் நியாயப் பள்ளியின் இலக்கணங்களைத் துண்டு துண்டாக்கினார். நளன் தமயந்தி காதலை 'நைஷதீய சரிதம்' என்று பாடியவரும் இவரே. அதிவீரராம பாண்டியரின் நைடதத்துக்கு மூலம் என்று சொல்லப்படுவது அந்தக் காவியம்தான். நியாயப் பள்ளியின் தரப்பில் உதயனரும், 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசரும் ஐயத்துக்கு ஓர் எல்லைக் கல் நட்டார்கள். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைச் சந்தேகிக்கிறேன் என்பவன், புகை வேண்டியபோது நெருப்பைத்தான் மூட்டுகிறான். பசித்தால் சோற்றைத்தான் தேடுகிறான். தன் ஐயத்தைப் பிறருக்குச் சொல்ல மொழியைத்தான் நம்புகிறான். செயலால் மறுக்கப்படும் ஐயம் வாயளவு ஐயமே என்பது அவர்கள் வாதம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜயராசியும் நெருப்பை மூட்டாதே என்று சொல்லவில்லை. வாழ்க்கை சான்றிதழுக்காகக் காத்திருப்பதில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். நடைமுறை வெற்றியையே சான்றாகக் கொள்ளலாம் என்கிறார் கங்கேசர். நடக்கட்டும், ஆனால் அதைச் சான்று என்று சொல்லி, அதன்மேல் சொர்க்கத்தையும் வேள்விப்பயனையும் அனைத்தறிந்த ஆசானையும் அடுக்காதே என்று ஜயராசியின் தரப்பை நாம் விரித்துக்கொள்ளலாம். இந்த எச்சரிக்கை இல்லாமல் அளவை நூல் வளர்ந்திருக்காது. நவ்விய நியாயத்தின் மயிரிழை பிளக்கும் இலக்கணங்கள், இப்படிப்பட்ட இடிப்பாளர்கள் தந்த நெருக்கடியில் கூர்தீட்டப்பட்டவை.

*

ஜயராசியின் நூல் நமக்குக் கிடைத்த கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பிற்கால நூல்களில் மேற்கோளாகவும் மறுப்பாகவும் அவர் வாதங்கள் தென்பட்டன; 9ஆம் நூற்றாண்டின் சமண ஆசிரியர் வித்யானந்தர் அவரைப் பயன்படுத்தியிருக்கிறார். நூல் மட்டும் மறைந்திருந்தது. 1926இல் குஜராத்தின் பாட்டன் நகரில் ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் வாழ்ந்த நகரம் அது. சமணச் சுவடி பண்டாரங்களுக்குப் பேர்போனது. தங்கள் கொள்கையையும் சேர்த்துத் தகர்க்கும் நூல்களைச் சமணர்கள் படியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். எதிரியை முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் மறுக்கக்கூடாது என்ற அறிவு நேர்மை அதில் இருக்கிறது. 1940இல் பரோடாவின் கெய்க்வாட் கீழைத்திசை நூல்வரிசையில் 87ஆவது நூலாக அது அச்சேறியது. பின்னர் எலி ஃபிராங்கோ அதன் முற்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான ஆய்வோடு 1987இல் வெளியிட்டார்.

1940ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ரசிக்லால் பாரிக். மற்றவர் பண்டிதர் சுக்லால்ஜி சங்வி. 1880இல் பிறந்த சுக்லால்ஜி பதினாறாம் வயதில் பெரியம்மையால் பார்வையை முற்றிலும் இழந்தவர். அதன் பிறகுதான் காசிக்கும் மிதிலைக்கும் போய் நியாயம் கற்றார். குஜராத் வித்யாபீடத்திலும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். காட்சி என்பது அளவையே ஆகாது என்று வாதிடும் நூலை, கண்ணால் ஓர் எழுத்தையும் காண முடியாத ஒருவர் உலகுக்குப் பதிப்பித்துத் தந்தார்.

பார்வையற்ற ஒருவர் சுவடி பதிப்பது என்றால் என்ன பொருள் என்று எண்ணிப் பார்க்கலாம். ஓலையை இன்னொருவர் வாசிக்கவேண்டும். நாகரி எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் வடிவங்கள் பல. சிதைந்த ஓலையில் வாசிப்பவர் தயங்குவார். அது எந்த எழுத்தாக இருக்கலாம் என்பதை, கேட்பவர் தன் நினைவிலிருக்கும் நூல்களையும் வாதத்தின் போக்கையும் கொண்டு தீர்மானிக்கவேண்டும். பிறர் கண், பிறர் சொல், தன் நினைவு, தன் ஊகம். இவை ஒவ்வொன்றையும் கையிலிருக்கும் அந்தச் சுவடியே செல்லாது என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆனாலும் பாடம் நிலைபெற்றது. பின்னால் வந்தவர்கள் சில இடங்களைத் திருத்தினார்கள். திருத்துவதற்கு ஒரு பாடம் அங்கே இருந்தது.

1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையரும் இப்படி ஓர் இடத்தில்தான் நின்றார். எழுத்து தெரிந்தது, பௌத்தச் சொற்களின் பொருள் தெரியவில்லை. கும்பகோணத்தில் ரங்காசாரியார் படித்துச் சொன்ன பௌத்த நூற்செய்திகளைக் கேட்டுத்தான் அவர் அதைத் துலக்கினார். தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்ற கேள்வியை உள்ளடக்கிய நூல், அதே வழியில்தான் நமக்கும் வந்துசேர்ந்தது.

ஜயராசியின் வாதங்களுக்கு முழுமையான மறுமொழி உண்டு என்று நான் நினைக்கவில்லை. கானலைத் தண்ணீர் என்று எண்ணியபடியே இறந்துபோன அந்த வழிப்போக்கன் நானாக இருக்கலாம் என்ற எண்ணத்தை முற்றாக விலக்க எந்த அளவையும் உதவாது. ஆனால் அவன் தனியாக நடந்தான் என்பதையும் மறக்கவேண்டியதில்லை. எதிரில் ஒருவர் வந்து, அங்கே தண்ணீர் இல்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் பயணம் வேறுவிதமாகியிருக்கும். வந்தவர் பொய் சொல்லலாம், தவறாகவும் பார்த்திருக்கலாம். அதைச் சோதிக்க மூன்றாமவர் ஒருவர் வரக்கூடும். நம் அறிவுக்கு இதைவிட உறுதியான தரை கிடைக்கும் என்று தோன்றவில்லை.

சுக்லால்ஜி 1978வரை வாழ்ந்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் படித்ததெல்லாம் பிறர் வாசிக்கக் கேட்டதுதான். வாசிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால், வாதம் இடறுவதைக்கொண்டு, மறுபடி வாசியுங்கள் என்றுதான் அவர் சொல்லியிருக்க முடியும். அவருடைய தராசு அதுதான்.